கல்யாண டிவிடி காப்பி மங்கலாக வருகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

போன மாதம் ஒரு அக்கா தன் கல்யாண டிவிடியையும், அதை வேறொரு இடத்தில் கொடுத்துக் காப்பி போட்டு வாங்கிய பென்டிரைவையும் கொண்டுவந்தார். "டிவிடி பழசாயிடுச்சு போல தம்பி, ஒரு முகமும் தெளிவா இல்ல" என்றார். டிவிடிக்கு ஒன்றும் ஆகவில்லை. பிளேயரின் மஞ்சள் வயரைக் கம்ப்யூட்டரில் மாட்டும் கேப்சர் ஸ்டிக்கில் செருகி, டிவிடியை ஓடவிட்டு, ஓடுவதை அப்படியே பதிவு செய்திருந்தார்கள். அதே டிவிடியைக் கம்ப்யூட்டரில் போட்டு ஃபைலாக எடுத்து, தாலி கட்டும் இடத்தில் நிறுத்திக் காட்டினேன். கூறைப் புடவையின் சரிகைக் கரையில் கோபுரங்கள் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரிந்தன. பென்டிரைவில் அதே இடத்தில் சிவப்பும் பச்சையுமாக நெளியும் ஒரு பட்டைதான் இருந்தது.

இதே சிக்கல் திரும்பத் திரும்ப வருவதால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். வீட்டு விசேஷங்களைப் பதிந்த டிவிடி, விசிடி, கேசட் ஆகியவற்றுக்கு மட்டுமே இது. கடையில் வாங்கிய சினிமா டிவிடிகளில் பூட்டு இருக்கும், அவற்றை இங்கே தொடவில்லை.

வயர் வழியாக ஓடவிட்டுப் பதிவு செய்வதைக் கேப்சர் என்றும், டிவிடியில் உள்ள ஃபைலை அப்படியே எடுப்பதை நேரடிக் காப்பி என்றும் சொல்கிறேன். டிவிடியில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். அதை வயரில் அனுப்பி மறுபடி டிஜிட்டலாக்கினால் தரம் குறையத்தான் செய்யும், ஏறாது. கேப்சர் என்பது கேசட்டுக்கு உரிய வேலை.

## முதலில்: உங்களிடம் இருப்பது எந்தக் காப்பி?

ஃபைலை விஎல்சி பிளேயரில் திறந்து, டூல்ஸ் மெனுவில் கோடெக் விவரத்தைப் பாருங்கள்.

எம்பெக்-2, 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம் என்றிருந்தால் பெரும்பாலும் நேரடிக் காப்பி. நம் ஊர் டிவிடிகள் பின்பற்றும் பால் (PAL) என்ற டிவி முறையின் அளவு அதுதான். அமெரிக்கா, கனடாவிலிருந்து வந்த டிவிடி என்றால் 720க்கு 480, 29.97 ஃபிரேம் என்று காட்டும்.

எச்.264, 640க்கு 480, 30 ஃபிரேம் என்றிருந்தால் கேப்சர் என்ற சந்தேகம் பலமாகிறது.

சில ஸ்டிக்குகள் எம்பெக்-2விலும் பதியும். அதனால் ஃபைலின் முதல் பத்து நொடியையும் கடைசிப் பத்து நொடியையும் ஓடவிட்டுப் பாருங்கள். பிளேயர் கம்பெனியின் லோகோ, மூலையில் "ப்ளே" குறி, மெனுவில் யாரோ பொத்தான் மாற்றுவது, இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் கேப்சர்தான்.

ஃபைல் அளவை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். 4.7 ஜிபி டிவிடியைக் கேப்சர் செய்து 9 ஜிபியாகக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். அளவு கூடியதே தவிர, படம் டிவிடியைவிட மோசம்.

## அறிகுறி: படம் மங்கல், சரிகையிலும் கட்டம் போட்ட சட்டையிலும் நிறம் நெளிகிறது

### டிவிடி கையில் இருக்கிறதா?

இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். மஞ்சள் வயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து போகின்றன. நெருக்கமான கோடுகளைக் கண்டால் கேப்சர் ஸ்டிக் அதை நிறம் என்று எண்ணிக்கொள்ளும். எந்த செட்டிங்கை மாற்றினாலும் இது முழுதாகப் போகாது. நேரடிக் காப்பி எடுங்கள்:

1. டிவிடியைத் துடைத்து கம்ப்யூட்டரில் போடுங்கள். லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பி டிரைவ் ஒன்று போதும்.
2. இம்ஜ்பர்ன் போன்ற சாஃப்ட்வேரில் முழு டிவிடியையும் ஐஎஸ்ஓ ஃபைலாக எடுங்கள். இதுதான் உங்கள் மூலப் பிரதி, இதை மாற்றவே கூடாது.
3. அந்த ஐஎஸ்ஓவை மேக்எம்கேவியில் திறந்து எம்கேவி ஃபைலாக எடுங்கள். படத்தையும் சத்தத்தையும் மறுபடி சுருக்காமல் உறை மட்டும் மாற்றித் தரும்.

### டிவிடியை நேராகப் போட்டுப் பார்த்தாலும் மங்கலா?

அப்படியென்றால் காப்பியில் குறை இல்லை, டிவிடி செய்யப்பட்ட விதமே அப்படி. அட்சதை தூவும் இடத்தைப் பாருங்கள். அரிசியும் பூவும் பறக்கும் அந்த நொடியில் படம் கட்டம் கட்டமாக உடைந்தால், நீண்ட நேர வீடியோவை ஒரே டிவிடியில் திணித்திருக்கிறார்கள். ரெக்கார்டரில் 4 மணி நேர, 6 மணி நேர மோடில் பதிந்தால் இப்படித்தான் வரும். கோடெக் விவரத்தில் 352க்கு 576 என்று இருந்தால் அகலம் பாதியாகிவிட்டது என்று அர்த்தம். டிவிடியில் இல்லாததை எந்தச் சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது.

அந்த டிவிடி கேசட்டிலிருந்து போட்டதா என்று வீட்டில் கேளுங்கள். கேசட் இன்னும் பரணில் கிடந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். திணித்துப் போட்ட டிவிடியைவிட மூலக் கேசட்டே மேல். "அதான் டிவிடி போட்டாச்சே" என்று கேசட்டை எடைக்குப் போட்டவர்களை நினைத்தால் மனம் ஆறவில்லை. தயவுசெய்து கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

### கேசட்டிலிருந்தே கேப்சர் செய்து மங்கலா?

செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குங்கள்.

கேசட் ஓட்டும் டெக்கின் ஆன்டெனா சாக்கெட்டிலிருந்து எடுக்கிறீர்களா? அதை விட்டுவிட்டு ஏவி சாக்கெட்டிலிருந்து எடுங்கள். டிராக்கிங் பொத்தானைத் திருகி, படத்தில் தூறல் விழுவது எங்கே குறைகிறது என்று பாருங்கள். நன்றாக ஓடும் இன்னொரு கேசட்டைப் போடுங்கள். அதுவும் மங்கலாக வந்தால் டெக்கின் ஹெட் அழுக்காக இருக்கிறது. ஹெட்டைப் பஞ்சுக் குச்சியால் துடைக்கக் கூடாது. நூல் மாட்டினால் ஹெட் முறிந்துவிடும், மாற்று கிடைப்பது இன்றைக்குக் குதிரைக்கொம்பு. பழக்கமில்லையென்றால் டெக் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

சூப்பர் விஎச்எஸ் டெக் கிடைத்தால் எஸ்-வீடியோ வயர் போடலாம். அதில் வெளிச்சமும் நிறமும் தனித்தனிக் கம்பியில் வரும், நெளிவு நன்றாகக் குறையும்.

இவ்வளவும் செய்த பிறகு வருவதுதான் கேசட்டின் உண்மைத் தரம். சாதாரண விஎச்எஸ்ஸில் கிடைமட்டமாக 240 கோடு அளவுக்குத்தான் விவரம் இருக்கும். அதிலிருந்து எச்டி வராது.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: எல்லாக் கேசட்டிலும் படத்தின் மேல் ஓரம் கொடி மாதிரி வளைந்தால், வரிகளை நேராக்கும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி வேண்டும். ஒன்றிரண்டு கேசட்டுக்காக அதை வாங்குவது வீண். வைத்திருப்பவரிடம் கொடுத்து எடுங்கள்.

## அறிகுறி: கை அசைந்தால் சீப்புப் பல் போலக் கோடுகள்

நேரடிக் காப்பி எடுத்தவர்கள் பயந்துபோய்க் கூப்பிடுவது பெரும்பாலும் இதற்குத்தான். "மஞ்சள் வயர் காப்பியில இந்தக் கோடு இல்லையே" என்பார்கள்.

பால் வீடியோ நொடிக்கு 50 அரைப்படங்களாக வருகிறது. ஒன்றில் ஒற்றை வரிகள், அடுத்ததில் இரட்டை வரிகள். பழைய டிவி அதை அப்படியே காட்டியது. கம்ப்யூட்டர் திரை இரண்டையும் ஒட்டிக் காட்டுவதால், அசைவு உள்ள இடத்தில் பல் தெரிகிறது. மஞ்சள் வயர் காப்பியில் பல் இல்லாததற்குக் காரணம் அது நல்ல காப்பி என்பதல்ல. ஸ்டிக்கின் சாஃப்ட்வேர் அரைப்படங்களில் பாதியைத் தூக்கி எறிந்திருக்கும், அல்லது இரண்டையும் கலந்து குழைத்திருக்கும். நாதஸ்வரக்காரர் விரல்களைப் பாருங்கள். நேரடிக் காப்பியில் விரல் வேகமாகத் தனித்தனியே ஓடும். கலந்த காப்பியில் ஒரு விரல் இரண்டு நிழலாகத் தெரியும்.

பார்க்க மட்டும் வேண்டுமா? விஎல்சியில் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸை ஆன் செய்து, மோடை யாடிஃப் 2எக்ஸ் என்று வையுங்கள். முடிந்தது.

மொபைலுக்கு அனுப்ப வேண்டுமா? ஹேண்ட்பிரேக் சாஃப்ட்வேரில் பிடபிள்யூடிஃப் (Bwdif) அல்லது யாடிஃப் போட்டு, ஒவ்வோர் அரைப்படத்தையும் முழுப்படமாக்கும் பாப் முறையைத் தேர்ந்தெடுத்து 50 ஃபிரேமாக மாற்றுங்கள். 25 ஆக்கினால் அசைவின் வழவழப்பு பாதி போய்விடும். இது பார்ப்பதற்கான பிரதி மட்டுமே. மூல ஐஎஸ்ஓ அப்படியே இருக்கட்டும்.

கோடு போய், அசைவு முன்னும் பின்னுமாகத் துள்ளுகிறதா? அரைப்பட வரிசை தலைகீழாகிவிட்டது. மேல்வரி முதலில் என்பதைக் கீழ்வரி முதலில் என்று மாற்றிப் பாருங்கள், அல்லது எதிர்ப்புறமாக. மினி டிவி (MiniDV) என்ற சிறிய கேமரா கேசட்டுகளில் கீழ்வரிதான் முதலில் வரும், அங்கேதான் இந்தக் குழப்பம் அதிகம்.

எது செய்தாலும் பல் அழியாமல் பட்டை பட்டையாக நிற்கிறதா? கேப்சர் செய்யும்போதே 576 வரியை 480 ஆகச் சுருக்கிவிட்டார்கள். ஒற்றை வரியும் இரட்டை வரியும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன, இனிப் பிரிக்க முடியாது. மறுபடி எடுப்பது ஒன்றே வழி. கேப்சர் என்றாலே 720க்கு 576 என்று வைத்துத்தான் தொடங்க வேண்டும். 640க்கு 480 என்று தானாக வந்து நிற்கும், மாற்ற மறக்காதீர்கள்.

## அறிகுறி: நேரடிக் காப்பி பாதியில் நின்றுவிடுகிறது

1. துடையுங்கள். மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள். சுற்றி விழும் கீறல் குறுக்கே விழும் கீறலைவிட ஆபத்தானது.
2. வேறு டிரைவில் போடுங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட இடத்தை இன்னொன்று படித்துவிடும். என் மேசையில் மூன்று டிரைவ் இருப்பது இதற்காகத்தான்.
3. டிடிரெஸ்க்யூ. லினக்ஸில் ஓடும் இலவசக் கருவி. நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடத்துக்குப் பிறகு திரும்பி வரும். எங்கே படித்தது, எங்கே விட்டது என்று ஒரு வரைபட ஃபைலில் குறித்துக்கொள்ளும். அதே வரைபடத்தோடு டிவிடியை வேறு டிரைவுக்கு மாற்றித் தொடரலாம். ராத்திரி ஓடவிட்டுக் காலையில் பார்ப்பது வழக்கம்.
4. கடைசியாக, கேப்சர். மஞ்சள் வயருக்கு உண்மையிலேயே வேலை வரும் இடம் இது. கம்ப்யூட்டர் டிரைவ் முரண்டு பிடித்து நிற்கும் இடத்தை வீட்டு டிவிடி பிளேயர் சில சமயம் தாண்டி ஓடிவிடும். அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் கேப்சர் செய்து, மற்றதை நேரடிக் காப்பியிலிருந்து எடுத்து ஒட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்காக முழு டிவிடியையும் கேப்சர் செய்ய வேண்டாம்.

அடிப்பக்கக் கீறலைப் பாலிஷ் போட்டுச் சரிசெய்யலாம். விசிடியில் மேல்பக்கம், அதாவது பெயர் எழுதிய பக்கம் கீறியிருந்தால் அந்த இடத்துப் பதிவு போய்விட்டது. சிடியில் பளபளப்புப் படலம் அந்த மேல்தோலுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. டிவிடியில் அது நடுவில் இருப்பதால் கொஞ்சம் பிழைக்கும்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: டிவிடியின் இரண்டு அடுக்கும் விளிம்பில் பிரியத் தொடங்கியிருந்தால் டிரைவில் போடவே போடாதீர்கள். சுழலும் வேகத்தில் முழுதும் பிளந்துவிடலாம். பழுதான டிவிடி மீட்பவரிடம் அப்படியே கொடுங்கள்.

## அறிகுறி: பிளேயரில் ஓடுகிறது, கம்ப்யூட்டர் காலி டிவிடி என்கிறது

பதிந்தவர் ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது பதிவை முடித்து மூடாமல் விட்டுவிட்டார். சிறிய 8 செ.மீ. டிவிடியில் பதியும் கேமராக்களில் இது சர்வ சாதாரணம். விண்டோஸ் "ஃபார்மேட் செய்யட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஒரு கிளிக்கில் அழிந்த காதுகுத்து வீடியோவைப் பார்த்திருக்கிறேன்.

பதிந்த அதே கேமராவோ ரெக்கார்டரோ இருந்தால் அதில் போட்டு ஃபைனலைஸ் கொடுங்கள். இல்லையென்றால் ஐசோபஸ்டர் என்ற சாஃப்ட்வேர் உள்ளே இருப்பதைத் தேடி எடுக்கும், ஆனால் எடுப்பதற்குப் பணம் கட்ட வேண்டும். இரண்டும் ஆகவில்லையென்றால், பிளேயரில் ஓடும் வரை கேப்சர் செய்து ஒரு பிரதியாவது வைத்துக்கொள்ளுங்கள். 8 செ.மீ. டிவிடியை உள்ளே இழுத்துக்கொள்ளும் வகை டிரைவில் போட்டால் மாட்டிக்கொள்ளும், தட்டு வெளியே வரும் டிரைவ்தான் வேண்டும்.

## அறிகுறி: விசிடியின் டாட் (DAT) ஃபைல் காப்பி ஆகவில்லை, அல்லது ஓடவில்லை

எம்பெக்ஏவி ஃபோல்டரில் உள்ள டாட் ஃபைலை இழுத்துப் போடுவது எப்போதும் கைகொடுக்காது. விசிடியில் வீடியோ இருக்கும் பகுதிக்குப் பிழை திருத்தும் பாதுகாப்பு குறைவு. அதனால் சின்னக் கீறலுக்கே விண்டோஸ் பிழை காட்டி நிறுத்திவிடும். விசிடிகியர் அல்லது ஐசோபஸ்டரில் எம்பிஜியாக எடுங்கள்.

விசிடியின் படம் 352க்கு 288. டிவிடியில் கிட்டத்தட்ட கால் பங்கு. இருக்கும் கொஞ்சத்தையும் மஞ்சள் வயரில் அனுப்பி இழக்க வேண்டாம்.

## அறிகுறி: சத்தம் தள்ளிப்போகிறது

தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அளவு தள்ளி இருக்கிறதா? விஎல்சியில் ஜே, கே விசைகளை அழுத்தி எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள். எம்கேவிடூல்நிக்ஸில் அத்தனை மில்லிசெகண்ட் நகர்த்திச் சேமித்தால் சரியாகிவிடும்.

போகப் போக இடைவெளி கூடுகிறதா? கேப்சர் என்றால் ஃபிரேம்கள் தவறியிருக்கின்றன. ஸ்டிக்கை ஹப்பில் செருகாமல் நேராகச் செருகுங்கள். பென்டிரைவில் பதியாமல் உள் ஹார்ட் டிஸ்க்கில் பதியுங்கள். சத்தத்தைக் கம்ப்யூட்டரின் மைக் துளை வழியாக எடுக்காமல் ஸ்டிக்கின் சிவப்பு, வெள்ளை வழியாகவே எடுங்கள். ஏற்கெனவே பதிந்ததை ஒட்டுப் போட நேரம் செலவழிக்காதீர்கள். மறுபடி எடுப்பதே சீக்கிரம் முடியும்.

நேரடிக் காப்பியில் தள்ளுகிறதா? டிவிடியில் வீடியோ 1 ஜிபி துண்டுகளாக இருக்கும். அவற்றைத் தனித்தனியே மாற்றி ஒட்டியிருப்பீர்கள். ஐஎஸ்ஓவிலிருந்து மேக்எம்கேவியில் ஒரே மூச்சில் எடுங்கள்.

கம்ப்யூட்டரில் கேட்கிறது, மொபைலில் மட்டும் சத்தமே இல்லையா? சத்தம் ஏசி-3 வகையில் இருக்கிறது. பார்க்கும் பிரதியில் மட்டும் ஏஏசியாக மாற்றுங்கள்.

## அறிகுறி: கருப்பு வெள்ளையாக வருகிறது, படம் உருளுகிறது

இது கேப்சரில் மட்டும் வரும். மஞ்சள் வயர் தவறிப்போய் பிளேயரின் பச்சை சாக்கெட்டில் இருக்கிறதா பாருங்கள். அடுத்து சாஃப்ட்வேரில் வீடியோ முறை என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) என்று இருந்தால் பால்-பி என்று மாற்றுங்கள். கேசட் அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் டெக்கும் என்டிஎஸ்சி ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

## அறிகுறி: ஆட்கள் குண்டாக, அல்லது ஒல்லியாகத் தெரிகிறார்கள்

விஎல்சியில் ஏ விசையை அழுத்தி 4:3க்கு வாருங்கள். சரியானால் ஃபைலில் உள்ள விகிதக் குறிப்புதான் தவறு, படத்தில் குறையில்லை. மொபைலுக்கு மாற்றும்போது 768க்கு 576 என்று வையுங்கள். அகல டிவியை நிரப்புவதற்காகப் படத்தை இழுத்து மாற்றித் தரச் சொல்லாதீர்கள். பக்கத்தில் கருப்புப் பட்டை இருப்பது சரியான காப்பிக்கு அடையாளம்.

## அறிகுறி: கருப்பு முடி சாம்பலாகிறது, அல்லது நிழலில் எதுவும் தெரியவில்லை

ஓபிஎஸ் என்ற பதிவு சாஃப்ட்வேரில் பதிகிறீர்கள் என்றால் அந்தச் சாதனத்தின் கலர் ரேஞ்சை லிமிடெட், ஃபுல் என்று மாற்றிப் பாருங்கள். கூடவே பிளேயரின் படச் செட்டிங்கில் "டைனமிக்", "விவிட்" எதுவும் வேண்டாம். நேரடிக் காப்பியில் இப்படித் தெரிந்தால் கம்ப்யூட்டர் திரையின் செட்டிங்தான் காரணம். ஃபைலைத் தொட வேண்டாம்.

## அறிகுறி: படத்தின் அடியில் ஒரு பட்டை துடிக்கிறது

கேசட்டிலிருந்து வந்த எல்லாப் படத்திலும் இது உண்டு. டெக்கில் ஒரு ஹெட்டிலிருந்து இன்னொரு ஹெட்டுக்கு மாறும் இடம் அது. பழைய டிவியின் சட்டம் அதை மறைத்துவிடும், கம்ப்யூட்டர் மறைக்காது. கேசட்டிலிருந்து போட்ட டிவிடியை நேரடிக் காப்பி எடுத்தாலும் இருக்கும். கண்ணை உறுத்தினால் பார்க்கும் பிரதியில் அந்தச் சில வரிகளைக் கருப்பால் மூடுங்கள்.

## அறிகுறி: மினி டிவி கேசட்டைக் கேப்சர் செய்தது மங்கல்

மினி டிவி கேசட் தோற்றத்தில்தான் கேசட், உள்ளே இருப்பது டிஜிட்டல். அதற்கும் மஞ்சள் வயர் கூடாது. கேமராவின் ஃபயர்வயர் துளையிலிருந்து எடுத்தால் பதிந்தது பதிந்தபடி வரும், மணிக்குச் சுமார் 13 ஜிபி. புதிய லேப்டாப்புகளில் ஃபயர்வயர் இல்லை. பழைய டெஸ்க்டாப் ஒன்றில் கார்டு போட்டு வைத்திருக்கிறேன். கார்டு கிடைக்காவிட்டால் வசதி உள்ளவரிடம் கொடுங்கள், வயரில் எடுத்துத் தரத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

## அறிகுறி: கேசட்டின் ஜன்னலில் வெள்ளைத் தூள்

சுருளைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருப்பது பூஞ்சை. கடற்கரை ஊர்களிலிருந்து வரும் கேசட்டுகளில் நிறையப் பார்க்கிறேன். டெக்கில் போட்டுச் சோதிக்கவே சோதிக்காதீர்கள். ஹெட்டில் அப்பிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் ஒட்டும், நாடாவும் அறுந்து போகலாம். ஒரு பிளாஸ்டிக் பையில் தனியாகப் போட்டு, மற்றக் கேசட்டுகளிலிருந்து பிரித்து, பூஞ்சை நீக்கிச் சுத்தம் செய்பவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது இதிலிருந்து முன்பு டிவிடி போட்டதுண்டா, அது இப்போது எங்கே என்பதையும் சொல்லுங்கள். நாடாவில் எடுக்க முடியாமல் போன நிமிடங்களை அந்த டிவிடியிலிருந்து எடுத்து நிரப்ப முடியும்.